புதிய வண்டியில் மின்கோளாறு ஏன்?

வீட்டிற்கு வாங்கிய கார் இன்னும் ஓராண்டை நிறைவு செய்யவில்லை. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் எழுகிறது; எஞ்சின் சுழல மறுக்கிறது. வேறொரு வீட்டிலோ, இரவுப் பயணத்தின் நடுவே முகப்பு விளக்குகள் மங்கி, எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியத் தொடங்குகின்றன. மனைவி மக்களோடு நெடுஞ்சாலையில் செல்லும் ஒருவருக்கு இது எத்தகைய இக்கட்டு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எஞ்சின் தேயவில்லை, பிரேக் புதியது, டயரும் புதியது. மின்சாரப் பகுதி மட்டும் இவ்வளவு விரைவில் தடுமாறுவானேன்?

காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகையுள் அடங்கும். வண்டி ஓடாமல் நிற்பது ஒன்று. வாங்கியபின் நாம் செய்விக்கும் ஒட்டுவேலை மற்றொன்று. தொழிற்சாலையிலிருந்தே வந்த குறை மூன்றாவது. நம் வண்டியின் நோய் இவற்றுள் எது என அறிந்தால், மருந்தும் எளிதில் விளங்கும்.

நிற்கும் வண்டியும் உண்ணும்

கைப்பிடியால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. 1912ஆம் ஆண்டில், சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் காடில்லாக் காரில் பொருத்தப்பட்டது. அக்காலத்தில் வண்டி நின்றுவிட்டால் பாட்டரிக்கும் ஓய்வு கிடைத்தது. இன்றைய காரிலோ சிறு கணிப்பொறிகள் பல உள்ளன. பூட்டிய பின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, சாவியின் குறிப்பை எதிர்நோக்கும் கருவி ஆகியவை விழித்திருக்கின்றன.

இவை இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிதே. ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது எனக் கொள்ளலாம். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால், 1.2 ஆம்பியர்-மணி செலவாகிறது. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி, பதினைந்தே நாட்களில் பாதி தீர்ந்துவிடும். குறைந்த நிலையிலேயே நெடுநாள் கிடக்கும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பின்னர் அது முழு வலிமையைப் பெறாது. நம் நாட்டு வெயிலும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

விற்பனையாளரின் திறந்த வெளியில் மாதக்கணக்கில் நின்ற வண்டி, புதியதாகவே நம் கைக்கு வந்தாலும், அதன் பாட்டரி முன்னமே களைத்திருக்கலாம். வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை மட்டும் செல்லும் காருக்கும் இதே நிலைதான். எஞ்சினைக் கிளப்பச் செலவான மின்சாரத்தை அந்தச் சிறு பயணம் முழுமையாக ஈடுசெய்வதில்லை.

ஒட்டுவேலையின் விலை

வண்டி வந்த வாரத்திலேயே கூடுதல் ஒலிப்பெருக்கி, பெரிய ஹாரன், பின்புறக் காமிரா, கண்ணைப் பறிக்கும் விளக்கு என்று பலவற்றைப் பொருத்துவோர் உளர். வயரின் மேலுறையைச் சீவி, வேறொரு வயரை முறுக்கி, டேப் சுற்றிவிடுவதோடு பலருடைய வேலை முடிந்துவிடுகிறது. மழை நீர் அங்கே புகுந்தால் செம்பு பச்சை பூக்கும்; இணைப்பு தளர்ந்து சூடேறும்.

முகப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். 60 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அவ்விடத்தில் 100 வாட் பல்பை மாட்டினால், 8 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். வயரோ பழைய அளவுக்கென்றே அமைந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவது, வாயிற்காவலனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். வண்டி தீப்பற்ற இது ஒன்றே போதும். மேலும், வெளியார் வெட்டி ஒட்டிய வயரால் நேர்ந்த பழுதைத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை.

எஞ்சினின் இளஞ்சூட்டை நாடிவரும் எலிகளையும் மறத்தலாகாது. வயர் கடிபட்ட அடையாளம் உண்டா என்று அவ்வப்போது பார்த்துவருவது நன்று.

தொழிற்சாலைக் குறை

குறை வாங்கியவரிடம் இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. மின்சாரக் கார்களிலும், தரையடியில் உள்ள பெரிய பாட்டரியைத் தவிர, விளக்குகளுக்கும் கணிப்பொறிகளுக்கும் ஒரு சிறிய 12 வோல்ட் பாட்டரி உள்ளது. அதற்கு மின்னேற்றும் கருவி பழுதானால் கார் படிப்படியாக வேகம் இழந்து நின்றுவிடக்கூடும். இக்காரணத்திற்காக 2024 மார்ச்சில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,47,000 மின்கார்களைத் திரும்ப அழைத்தன. அதே ஆண்டு ஜூனில், இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்கள் இவ்வாறே அழைக்கப்பட்டன. பழுதான பகுதியை நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தருவதே இத்தகைய அழைப்பின் பொருள்.

நாம் செய்யக்கூடியவை

வண்டியைப் பெறும்போதே பாட்டரி தயாரான மாதத்தைக் கேட்டறியுங்கள். சிறு மல்ட்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது பயன் தரும். இரவு முழுதும் நின்ற காரின் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைவாக உள்ளது, 12.2 காட்டினால் பாதிதான் உள்ளது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்டவேண்டும். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். வேறு வண்டியிலிருந்து மின்சாரம் வாங்க நேர்ந்தால், சிவப்பும் கறுப்பும் மாறாமல் காத்துக்கொள்ளுங்கள். மாறினால் கணிப்பொறிகள் ஒரு நொடியில் பாழாகும்.

இத்தனையும் செய்தபின் கோளாறு திரும்பத் திரும்ப வருமாயின், வாய்ச்சொல்லோடு நில்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் நிலையத்தின் ஜாப் கார்டில் உங்கள் முறையீட்டை எழுதச் செய்து, நகலைக் கேட்டுப் பெறுங்கள். 'சரியாகிவிட்டது' என்ற ஆறுதல் மொழி பின்னாளில் சான்றாகாது. தேதியிட்ட தாள் சான்றாகும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. உரிமையாளர்கள் பதிவு செய்யும் முறையீடுகளும் அதற்கு அடிப்படையாகலாம்.

ஒருவர் சலிப்படைந்து தம் பணத்தில் பாட்டரியை மாற்றிக்கொண்டு வாளாவிருந்தால், அவருடைய தொல்லை ஒருவேளை தீரலாம். அதே குறையோடு வேறொரு குடும்பம் இரவில் சாலையில் சென்றுகொண்டிருக்கும். எழுதி வைக்கும் ஒவ்வொரு முறையீடும், முகமறியாத அக்குடும்பத்துக்கும் காவலாகும்.