ஆயில் எஞ்சினில் தட்டும் சத்தமா? காரணம் கண்டறியும் முறைகள்

கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் எஞ்சினின் சத்தம் விவசாயிக்குப் பழகிப்போன ஒன்று. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே எஞ்சின் சீராக ஓடுகிறதா, திணறுகிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தச் சத்தத்தோடு புதிதாக ஒரு 'டக் டக்' ஒலி சேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் பயந்துபோய் எஞ்சின் முழுவதையும் பிரிக்கச் சொல்கிறார்கள். சிலர், "தண்ணீர்தான் வருகிறதே, ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். முதலாவதில் வீண் செலவு. இரண்டாவதில் எஞ்சினே போய்விடலாம்.

எல்லாத் தட்டல்களும் ஆபத்தானவை அல்ல. சில, அரை மணி நேர வேலையில் சரியாகும். சில, அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

முதலில் வெளியே பாருங்கள்

சத்தம் கேட்டதும் எஞ்சினுக்குள்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு அடித்தளப் போல்ட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் எஞ்சின் உடம்பு முழுவதும் அதிர்ந்து, உள்ளே ஏதோ உடைந்ததுபோல் கேட்கும். சைலன்சர், டீசல் டாங்க், காற்று வடிகட்டி ஆகியவற்றின் தாங்கிகளையும் ஆட்டிப் பாருங்கள்.

பெல்ட்டில் ஓடும் எஞ்சினானால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடியோடு நின்றுவிட்டால் பெல்ட்டின் இணைப்பு, பம்பின் புல்லி, பம்பு பேரிங் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். பம்பு புல்லியைக் கையால் ஆட்டினால் ஆட்டம் தெரிந்துவிடும். பம்பு நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால் இணைப்பிலுள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

பிளைவீலை ஷாப்டில் இறுக்கும் சாவி தளர்ந்திருந்தால், எஞ்சினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் பலமான தட்டல் கேட்கும். இது தெரிந்தால் அதன்பின் ஒரு சுற்றுகூட ஓட்டக் கூடாது. கனமான பிளைவீல் ஓட்டத்தில் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

'டிக் டிக்' என்ற மெல்லிய ஒலி

எஞ்சினின் தலைப் பக்கத்திலிருந்து தையல் மிஷின்போல மெல்லிய ஒலி சீராக வந்தால் அது பெரும்பாலும் டேப்பெட் இடைவெளி கூடியதால் வருவது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நிமிடத்துக்கு 750 முறை திறந்து மூடுகிறது. இடைவெளி கூடினால் ராக்கர் ஒவ்வொரு முறையும் வால்வின் தலையில் சுத்தியல்போல் தட்டும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வுகளும் மூடி, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும் நிலையில் ஃபீலர் கேஜ் வைத்து இதைச் சரிசெய்ய வேண்டும். அளவு மாடலுக்கு மாடல் மாறும். பல எஞ்சின்களில் 0.15 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவையே வைக்க வேண்டும். சத்தமே வரக்கூடாது என்று இடைவெளி இல்லாமல் இறுக்கிவிடுவது தவறு. சூட்டில் வால்வு நீளும்போது முழுவதும் மூடாமல் நின்று, கம்ப்ரஷன் குறைந்து, வால்வு கருகிவிடும்.

புகைக்குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் ஓட்டையானாலும் இதே மாதிரி 'டிக் டிக்' என்று கேட்கும். அந்த இடத்தில் கரி படிந்திருப்பதே அதற்கு அடையாளம். கேஸ்கெட்டை மாற்றினால் சத்தம் நின்றுவிடும்.

டீசலால் வரும் தட்டல்

டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினும் இந்த முறையில் ஓடியதுதான். உள்ளே தெளித்த டீசல் உடனே பற்றாமல் சற்றுத் தாமதமானால், சேர்ந்திருக்கும் டீசல் முழுவதும் ஒரே சமயத்தில் வெடித்து எரியும். அதுதான் கடுமையான 'கட் கட்' என்ற ஒலி.

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது இந்த ஒலி சிறிது நேரம் இருப்பது இயல்பே. சூடேறிய பின்னும் நீடித்தால் மூன்றைச் சோதிக்க வேண்டும். நாசில் டீசலைப் பனிபோலத் தூவாமல் சொட்டுகிறதா? டீசல் பம்பின் டைமிங் மாறி, முன்கூட்டியே டீசலைச் செலுத்துகிறதா? டீசலில் கலப்படமோ தண்ணீரோ இருக்கிறதா? நாசில் கெட்டிருந்தால் கரும்புகையும் சேர்ந்து வரும்.

எஞ்சின் ஓடும்போது டீசல் நிறுத்தும் லீவரை இழுத்துப் பாருங்கள். பிளைவீல் வேகத்தில் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தட்டல் சட்டென மறைந்தால் முதல் சந்தேகம் டீசல் பகுதியின் மேல். சுற்று நிற்கும் வரை தட்டல் தொடர்ந்தால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது. பேரிங் சத்தமும் டீசலை நிறுத்தினால் ஓரளவு குறையும் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய டிராக்டர், ஜீப் போன்ற பல சிலிண்டர் எஞ்சின்களில் மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் தனித்தனியே தளர்த்தி, எந்தச் சிலிண்டரில் சத்தம் என்று கண்டுபிடிப்பார்.

நாசில் முன்னால் கையை நீட்டவே கூடாது. மிகுந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

பிஸ்டனும் கஜன் பின்னும்

கிளப்பியதும் பெரிதாகக் கேட்டு, சூடேற ஏறக் குறைந்துவிடும் பொள்ளலான தட்டல், பிஸ்டனும் லைனரும் தேய்ந்ததைக் காட்டும். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைப்பதால் சத்தம் குறைகிறது. கூடவே நீலப்புகை, எண்ணெய்ச் செலவு, கிளப்புவதில் சிரமம் ஆகியவையும் இருக்கும். உடனடி ஆபத்து இல்லை. அறுவடை முடிந்து, கையில் காசு இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளலாம். கஜன் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் குறைந்த வேகத்தில் கூர்மையாக இரட்டைத் தட்டல் கேட்கும். இதை அதிக நாள் தள்ளிப் போடக் கூடாது.

நிறுத்த வேண்டிய சத்தம்

எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து கனமாக 'தொம் தொம்' என்று வந்து, சுமை ஏற ஏறக் கூடினால் அது கனெக்டிங் ராடு பேரிங் அல்லது மெயின் பேரிங். பாதி வயலுக்குத்தான் பாய்ந்திருக்கிறது, மீதியையும் பாய்ச்சிவிடலாம் என்று ஓட்டினால் பெருநஷ்டம் நேரும். இந்த நிலையில் நிறுத்தினால் பேரிங் ஷெல் மாற்றுவதோடு முடியலாம். மேலும் ஓட்டினால் கிராங்க் ஷாப்டில் கீறல் விழும். அதை லேத் பட்டறையில் அரைத்து, அளவு குறைந்த ஷாப்டுக்கேற்ற ஷெல் போட வேண்டிவரும். அதன்பின்னும் ஓட்டினால் கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் உடம்பையே துளைத்துவிடும். அத்துடன் எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான். பயிர் காய்ந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. ஆனாலும் பக்கத்து எஞ்சினை ஒரு நாள் வாடகைக்குக் கேட்பது இதைவிட மலிவு.

நிறுத்தியதும் முதலில் சம்பில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருக்கலாம். மட்டம் கூடி, டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது என்று பொருள். வடித்த எண்ணெயில் மினுமினுப்பான பொடி தெரிந்தால் பேரிங் தேய்வது உறுதி. பக்கக் கதவு உள்ள எஞ்சின்களில் அதைத் திறந்து கனெக்டிங் ராடின் அடிப்பாகத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழும் ஆட்டம் தெரியக் கூடாது.

கேட்கும் முறை

நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். தலைப்பாகம், சிலிண்டரின் நடு, அடிப்பாகம் என்று மாற்றி மாற்றி வைத்தால் சத்தம் எங்கே அதிகம் என்று புலப்படும். எஞ்சினை நெருங்குமுன் தோளிலுள்ள துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை இறுக மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட்டில் துணி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

பழைய எஞ்சின் வாங்குவோருக்கு

விலை பேசப் போகும்போது எஞ்சினின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். பிஸ்டன் தேய்ந்த சத்தம் அப்போது வெளிப்படாது. நன்றாக ஆறும் வரை காத்திருந்து கிளப்பச் சொல்லுங்கள். எண்ணெயையும் விரலில் தொட்டுப் பாருங்கள்; தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை மறைக்க மிகக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவதும் உண்டு. பம்பை இணைத்து, தண்ணீர் இறைக்கும் நிலையில் அரை மணி நேரமாவது ஓடவிட்டுக் கேட்ட பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.