சும்மா கிடந்தால் கெடும் கருவி

பழைய ஃபிலிம் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு "இது இன்னும் ஓடுமா?" என்று கேட்கிற இளைஞர்கள் இப்போது அதிகம். தாத்தாவின் பீரோவில் கிடைத்தது, ஸ்டுடியோ வைத்திருந்த மாமா கொடுத்தது, பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியது என்று ஒவ்வொன்றும் ஒரு வழியாக வந்திருக்கும். பெரும்பாலும் ஓடும் என்பதுதான் என் பதில். ஆனால் ஏன் நின்றது என்று தெரியாமல் கைவைத்தால், ஓடக்கூடியதையும் நாமே முடித்துவிடுவோம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்தக் கேமராக்களில் உழைத்துத் தேய்ந்தவை குறைவு. பத்திருபது வருடம் யாரும் தொடாமல் கிடந்து கெட்டவைதான் அதிகம். எண்ணெய் இறுகியிருக்கும், ஸ்பான்ஜ் கரைந்திருக்கும், பேட்டரி கசிந்திருக்கும், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். நான்குமே கிடப்பில் வருகிற நோய்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேசுவதற்கு வசதியாக பென்டாக்ஸ் கே1000-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1976 முதல் 1997 வரை, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் தயாரான கேமரா அது. ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை. வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் வேண்டும். எல்லாக் கேமராவும் இப்படி இல்லை. அதே 1976-இல் வந்த கேனன் ஏஇ-1, பேட்டரி இல்லாவிட்டால் அசையவே அசையாது. புது 6 வோல்ட் பேட்டரி போட்டுப் பார்க்காமலே "செத்துவிட்டது" என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கே1000-இன் பின்கதவைத் திறந்தால் கறுப்புத் துணி தெரியும். ரப்பர் பூசிய அந்தத் துணியில் இரண்டு திரைகள் உண்டு. பட்டனை அழுத்தியதும் முதல் திரை ஓடி வழிவிடுகிறது. சற்றுப் பொறுத்து இரண்டாவது திரை ஓடி வந்து மூடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தப் பொறுதிதான் ஷட்டர் ஸ்பீடு. 1/60 நொடி வரைக்கும் ஃபிலிம் முழுவதும் ஒரு கணமாவது திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் கூடினால், முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். ஃபிலிம்மின் மேல் ஒரு குறுகிய இடுக்கு மட்டும் நகர்ந்து போகும். 1/1000-இல் அந்த இடுக்கின் அகலம் சில மில்லிமீட்டர்தான். மெதுவான வேகங்களுக்கு ஏற்பாடு வேறு. கடிகாரத்தில் உள்ளது போன்ற ஒரு சிறு பற்சக்கர வரிசை இரண்டாவது திரையைப் பிடித்து நிறுத்திவைக்கிறது. 1 நொடியில் வைத்து அழுத்தினால் கேட்கும் 'விர்ர்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

இது புரிந்துவிட்டால் ஃபிலிம் போடாமலே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். இது முக்கியம், ஏனென்றால் ஃபிலிம் இன்று விலை அதிகம். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த காலம் ஒன்று உண்டு. அந்த ஆலை மூடிவிட்டது. இன்று நாம் வாங்கும் ரோல்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. சந்தேகமான கேமராவில் முதலில் ரோலைப் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம்.

பின்கதவைத் திறந்து வைத்து, 1 நொடியிலிருந்து தொடங்குங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு காதால் கேளுங்கள். 1 நொடி இரண்டு நொடியாக இழுக்கிறதா? நடுவே தயங்கி நிற்கிறதா? பிறகு 1/2, 1/4 என்று ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாகக் குறைகிறதா? 1/30, 1/60-க்குக் காது போதாது. போனில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், வெளிச்சமான ஜன்னலைப் பார்த்துக் கேமராவை வைத்து, பின்பக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். 1/30-இல் எட்டு ஃபிரேம்களில் திறந்திருக்க வேண்டும், 1/60-இல் நான்கு. அடுத்து 1/1000-இல் வைத்து, பிரகாசமான வானத்தை நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். ஒரு மின்னல் தெரியும். சட்டம் முழுவதும் மின்ன வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டாக இருந்தால், இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப்பிடித்து விடுகிறது என்று பொருள். படத்திலும் அந்த ஓரம் கறுத்துத்தான் வரும்.

பழைய கேமராவில் 1/1000 உண்மையில் 1/700 அளவில் ஓடினால் கவலைப்படாதீர்கள். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை, அதாவது இரு மடங்கு வெளிச்சத்தை, தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

மெதுவான வேகங்கள் ஏன் இழுக்கின்றன? தயாரிப்பில் போட்ட எண்ணெயும் கிரீஸும் வருடக்கணக்கில் அசையாமல் இருந்து பிசினாக இறுகிவிட்டன. எல்லா வேகத்திலும் இருபது முப்பது முறை ஓட்டினால் சில கேமராக்கள் விழித்துக்கொள்ளும். ஆனால் மறுபடி கிடப்பில் போட்டால் மறுபடி இறுகும். நிரந்தரத் தீர்வு, திறந்து, பழைய எண்ணெயைக் கழுவி, வேண்டிய இடத்தில் ஊசிமுனை அளவு புது எண்ணெய் வைத்து, வேகங்களைச் சரிபார்ப்பது. சர்வீஸ் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஏதாவது ஒரு இடுக்கில் ஒரு சொட்டு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஓடும். பிறகு அந்த எண்ணெய் பரவித் தூசியைச் சேர்த்துக்கொண்டு, போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் இது பெரிய நாசம். அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உரசித் திறந்து மூடுகின்றன. அந்தத் தகடுகள் உலர்ந்தே இருக்க வேண்டும். துளி எண்ணெய் பட்டாலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறக்கும், சில சமயம் திறந்தபடி நின்றுவிடும். தகடுகள் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. அதைத் துடைத்தெடுக்கத்தான் வேண்டும்; மேலும் எண்ணெய் விடக் கூடாது. இந்த வகைக் கேமராவில் செல்ஃப் டைமரையும் தொடாதீர்கள். வருடக்கணக்கில் ஓடாத அந்தப் பொறி பாதியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து சிக்கும்.

அடுத்தது ஸ்பான்ஜ். பின்கதவின் விளிம்பில், கீல் பக்கத்தில், உள்ளே கண்ணாடி மேலே எழும்பி மோதும் இடத்தில் கறுப்பு ஸ்பான்ஜ் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து தார் மாதிரி ஒட்டும் பிசுக்காகிவிடும். கடற்கரை ஊர்களில் சீக்கிரமே ஆகும். விளைவு, கதவு வழியாக வெளிச்சம் புகுந்து, கலர் படத்தில் செம்மஞ்சள் தீற்றலாக விழும். இந்த வேலையை நீங்களே செய்யலாம். ஷட்டர் திரையின் மேல் துகள் விழாதபடி ஒரு காகிதத்தை வைத்து மூடிக்கொள்ளுங்கள். பல்குத்தும் குச்சியால் பழையதைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதிக்கலாம். கீல் பக்கம் மெல்லிய கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டலாம். உள்ளிருக்கும் கண்ணாடியை மட்டும் தேய்க்காதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும். இதில் முன்னாலேயே இருக்கிறது, தேய்த்தால் உரிந்துவிடும். ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். கசிந்து காய்ந்த ஆல்கலைன் பேட்டரி வெள்ளையாக, செம்பு உள்ள இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். அது காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் பல சமயம் மீட்டர் உயிர்பெறும். யாஷிகா மேட் 124ஜி போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் சந்தையை விட்டுப் போய்விட்டன. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட் என்பதால் மீட்டர் தப்பாகக் காட்டும், பேட்டரி இறங்க இறங்கத் தப்பும் மாறும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைக்க வேண்டும். சில மாதங்களில் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கே1000-க்கு இந்தத் தொல்லை இல்லை. சாதாரண எல்ஆர்44 போதும். ஆனால் அதன் மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது. லென்ஸுக்கு மூடி போட்டால்தான் மீட்டர் ஓயும். மூடாமல் வைத்தால் பேட்டரி தீரும்.

கடைசி நோய் பூஞ்சை. நம் ஊர்க் கேமராக்களுக்கு இதுதான் பெரிய பகை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால், லென்ஸுக்குள் சிலந்தி இழை போலப் படரும். அது விடும் அமிலம் முதலில் பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். ஆரம்பத்தில் கவனித்தால் கழற்றித் துடைத்துவிடலாம். அரித்த தடத்தை யாராலும் அழிக்க முடியாது. தோல் உறை பார்க்க அழகுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குள் வைத்து மூடாதீர்கள். அந்துருண்டை போட்ட பீரோவும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு கருவி இருந்தால் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். நீலமான சிலிகா ஜெல் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. ஆகவே சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

நீங்களே திறக்க ஆசைப்பட்டால் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, ஜப்பான் கேமராக்களின் ஸ்க்ரூ தலை கூட்டல் குறி போல இருந்தாலும் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. கடையில் கிடைக்கும் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். இரண்டு, ஃபோகஸ் வளையத்தின் மரைகளுக்குப் பல தொடக்கங்கள் உண்டு. ஊறுகாய் பாட்டில் மூடி எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறிக்கொள்வது போல இதுவும் தவறான இடத்தில் ஏறிக்கொள்ளும், ஆனால் தூரத்து மலை தெளிவாக விழாது. பிரியும் அந்த இடத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டுப் பிரியுங்கள். மூன்று, உள்ளேயே ஃபிளாஷ் உள்ள சின்னக் கேமராக்களைத் திறக்கவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவு மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கிப்போடும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: வெளியிலிருந்து எட்டுவது உங்கள் வேலை, மேல்தகட்டுக்குக் கீழே உள்ளது ரிப்பேர்காரர் வேலை. ஸ்பான்ஜ், பேட்டரி அறை, துடைப்பு, சேமிப்பு எல்லாம் நீங்கள் செய்யலாம். ஷட்டர் வேகமும் திரையின் இழுவிசையும் அளவுகருவி வைத்துச் சரிசெய்ய வேண்டியவை. அவரிடம் கொடுக்கும்போது "ரிப்பேர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகம் இழுக்கிறது, எந்த ஓரம் இருட்டு என்று எழுதிக் கொடுங்கள். அவர் கேட்கும் கூலி கேமரா வாங்கிய விலையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். அந்தக் கைப்பழக்கம் வந்து சேர ஆன வருடங்களுக்கு அது நியாயமான விலை.

சரியான கேமராவை அப்படியே காப்பாற்ற வழி எளிது. மாதம் ஒருமுறை வெளியே எடுங்கள். எல்லா வேகத்திலும் நாலைந்து முறை ஓட்டுங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்புங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எங்காவது இறுக்கம் தெரிந்தால் பலம் காட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். வருடம் ஒரு ரோலாவது படம் எடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கேமராக்களுக்குப் பெரும்பாலும் புது உதிரி பாகம் தயாராவதில்லை. ஒன்றைப் பிழைக்கவைக்க, இனி ஓடாத இன்னொன்றிலிருந்துதான் ஸ்பிரிங்கும் சக்கரமும் எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுக் கேமரா உண்மையிலேயே உடைந்து போயிருந்தாலும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். உங்கள் ஊரில் கேமரா ரிப்பேர் பார்க்கிறவர் யார் என்று விசாரித்து, அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.