வீடு திரும்பியபின் ஒரு சிறு தோட்டம்

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் எங்களிடம் மருந்தையும் உணவையும் பற்றியே முதலில் கேட்கின்றனர். அடுத்து எழும் கேள்வி, நாள் முழுவதும் என்ன செய்வது என்பது. கட்டிலுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே கழியும் நாள்கள் நோயாளியை மட்டுமன்றி, உடனிருந்து பார்ப்பவரையும் சோர்வுறச் செய்கின்றன. கொல்லையிலோ மொட்டைமாடியிலோ பத்துத் தொட்டிகள் வைத்து, குடும்பத்தார் கூடி அமர ஓர் இடம் அமைத்துக்கொள்ளுமாறு நாங்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

1984இல் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்டு ஆராய்ந்து வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரை மட்டும் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். செடி நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் கூறவில்லை. பசுமையைக் காண்பது மனத்துக்கு இதம் தருகிறது என்பதே எங்கள் கருத்து.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பழைய வாளி, கிழிந்த அரிசிச் சாக்கு ஆகியவற்றின் அடியில் துளையிட்டால் தொட்டி ஆயிற்று. பெயின்ட், பூச்சிமருந்து இருந்த கலன்களில் மட்டும் உண்ணும் பயிரை வளர்க்க வேண்டா. செம்மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். மாடியில் எடை குறைய நார்க்கழிவைக் கூட்டிக்கொள்ளலாம். விதையும் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் மூன்று, நான்கு வாரங்களில் கீரை பறிக்கலாம். கொத்தமல்லிக்குத் தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். புதினாவும் கற்பூரவல்லியும் தண்டை நட்டாலே தழைக்கும். முளை விரைவில் தெரிவதால் குழந்தைகளும் ஆவலோடு நீரூற்றுவார்கள்.

மிச்சமாகும் பணத்தை வேறிடத்தில் செலவிடுக. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்று, வழுக்காத சமதரை, சக்கர நாற்காலி செல்ல மூன்றடி அகலப் பாதை ஆகியவை எந்தப் பூச்செடியையும்விட முதன்மையானவை. தொட்டிகளைச் செங்கல் அடுக்கி இரண்டடி உயர்த்தினால், குனிய இயலாதவரும் அமர்ந்தபடியே களை எடுக்கலாம்.

எவற்றை வளர்க்கக்கூடாது என்பதில் மிகுந்த கண்டிப்பு வேண்டும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பையே குலைக்கும். ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை ஆகியவையும் அத்தகையவையே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. சிறுவர் உள்ள வீட்டில் இவற்றை வேருடன் அகற்றுதல் நலம். குழந்தை எதையேனும் மென்றுவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, அச்செடியின் ஒரு துண்டுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

மண்ணும் எல்லார்க்கும் ஒன்றன்று. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவரும் உறுப்புமாற்றம் பெற்றவரும் தோட்டத்தில் அமரலாம். ஆனால் மண்ணையும் எருவையும் கிளறும் வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் இறங்கலாகாது. உணர்வு குன்றிய பாதத்தில் முள் தைத்ததே தெரியாது. ஈரமண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரால் மீலியாய்டோசிஸ் என்னும் கடுந்தொற்றும் அவர்களுக்கு எளிதில் வரக்கூடும். காலணியும் கையுறையும் அணிந்து, புண் இருப்பின் அது ஆறும்வரை பொறுத்திருங்கள்.

தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பிழைத்திருக்கும்.

விளைந்த கீரையைக் குறித்து ஒரு சொல். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் கருதி, எவ்வளவு உண்ணலாம் என உணவியலாளரிடம் கேட்டறிய வேண்டும். வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையைத் திடீரென மிகுதியாக்கவோ நிறுத்தவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் செயலை மாற்றும். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் விளைபவற்றின் பட்டியலையும் மருந்துச் சீட்டுடன் கொண்டு வாருங்கள்.