சாயமின்றிப் பார்க்கும் நுண்ணோக்கி: நுணுக்கத்துக்குத் தரவேண்டிய விலை

மூளைக்கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சை நிபுணர், வெட்டியெடுத்த திசுத்துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காக அரைமணி நேரம் வரை காத்திருப்பது வழக்கம். திசுவை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிய பின்னரே அதனை ஆராய முடியும்.

இந்தச் சாயமே தேவையில்லை என்ற நிலையை உருவாக்கியுள்ளது, தூண்டப்பட்ட ராமன் சிதறல் நுண்ணோக்கி. 2020-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இக்கருவியும் கணினியும் சேர்ந்து 150 விநாடிகளுக்குள் கட்டியின் வகையைக் கணித்தன.

இதற்கு அடிப்படை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த விளைவு. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச்சிறு பகுதி நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ஆனால் அந்த ஒளி மிக மங்கலானது. எனவே, இரண்டு லேசர் கதிர்களை ஒரே புள்ளியில் குவித்து, அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டை மூலக்கூறின் அதிர்வுக்குச் சமமாக்குகின்றனர். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கேற்பத் தள்ளுவது போல, மூலக்கூறுகள் ஒத்திசைந்து அதிர, சமிக்ஞை பன்மடங்கு வலுப்பெறுகிறது. கொழுப்பும் புரதமும் தனித்தனியே தெரிகின்றன.

எனினும், வழக்கமான அகச்சிவப்பு லேசரில், சுமார் 300 நானோமீட்டரைவிட நெருங்கியிருக்கும் இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். உயிரணுக்களின் உருவத்தை அறிய இது போதும்; அவற்றின் உள்ளமைப்பை அறியப் போதாது. இத்தகைய எல்லையைத் தாண்டிய முறைகளுக்கு 2014-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அவை ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்தும் ஏற்றியும் பார்ப்பவை. சாயமில்லாத இடத்தில் அணைப்பதற்கு என்ன இருக்கிறது?

அலைநீளத்தைக் குறைப்பது ஒரு வழி. கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் கொண்டு, 2018-இல் சீன விஞ்ஞானிகள் 130 நானோமீட்டர் அளவை நெருங்கினர். ஆனால் அத்தகைய ஒளி உயிரணுக்களுக்குக் கூடுதல் தீங்கு விளைவிக்கக்கூடும். மற்றொரு வழி சற்று விநோதமானது: குழந்தைகளின் டயப்பரில் நீரை உறிஞ்சும் பொருளை ஒத்த கூழ்மத்தில் திசுவைப் பதித்து, அதையே ஊதிப் பெருக்கவைப்பது. 2021-இல் கலிஃபோர்னியாவில் இம்முறையால் 100 நானோமீட்டருக்கும் கீழே செல்ல முடிந்தது. ஆனால் பார்ப்பது உயிரற்ற திசுவை.

உயிருள்ள அணுவில் லேசரின் வலுவைக் கூட்டினால் அணு சிதையும். குறைத்தால் படம் இரைச்சலில் மூழ்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளியின் குவாண்டம் இரைச்சலைக் குறைத்து, ஈஸ்ட் அணுக்களில் சமிக்ஞையின் தெளிவை 35 சதவீதம் கூட்டியதாக 2021-இல் அறிவித்தனர். நெருங்கிய புள்ளிகளை இது நேரடியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. அணுவைச் சிதைக்காமலே மங்கலான நுண்பகுதிகளைக் காண வழிசெய்கிறது.