பழைய வீட்டின் நிறைவு வேலைகள்

வீடு புதுக்கும் பணியில், கொத்தனாரும் தச்சரும் கூலி பெற்றுக்கொண்டு விடைபெற்ற பிறகுதான் வீட்டுக்காரனின் வேலை தொடங்குகிறது. கூரை மாற்றியாயிற்று, அடுக்களை அகலமாயிற்று. ஆனால் சுவர்கள் இன்னும் வெள்ளை காணவில்லை. கதவுகள் வர்ணம் காணவில்லை. கொல்லையிலோ உடைந்த செங்கல்லும் பழங்காரையும் குவிந்து கிடக்கின்றன. இந்தக் கட்டத்தில் பலர் பொறுமை இழந்து, கிடைத்த ஆளைப் பிடித்து, கிடைத்ததைப் பூசி, குடிபுகும் நாளைக் குறித்துவிடுகிறார்கள். வீட்டின் ஆயுளையும் அதில் வாழ்வோரின் நலத்தையும் தீர்மானிக்கும் வேலைகள் பல இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள். நான் பணி ஓய்வு பெற்றபின் அதனைப் புதுக்கினோம். கண்பார்வை குன்றிய என் தமக்கையாரை உடன் வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் அங்கே வாழ்வது என்பது ஏற்பாடு. பளுவான வேலைகளுக்கு ஆள் அமர்த்தினேன். நிறைவு வேலைகளை என் கையாலேயே செய்தேன். ஓய்வூதியக்காரனின் சிக்கனமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

முதலில் சுவரை எடுத்துக்கொள்வோம். “பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசிவிடலாம், ஐயா, அப்புறம் கவலையே இல்லை” என்றார் கொத்தனார். அவர் தேர்ந்த வேலைக்காரர். ஆயினும் இந்த ஒன்றில் அவர் சொல்லை நான் ஏற்கவில்லை. ஏற்காமைக்குச் சான்று வீட்டிலேயே இருந்தது. 1970களில் என் தந்தையார் மேற்குச் சுவருக்கு மட்டும் சிமெண்டுப் பூச்சு இடுவித்திருந்தார். அந்தச் சுவர்தான் அடியிலிருந்து இரண்டு முழ உயரத்திற்கு உப்புப் பூத்து, பூச்சு பொருமி, கை பட்டால் தூளாய் உதிர்ந்தது. சுண்ணாம்புப் பூச்சோடு விடப்பட்ட மற்றச் சுவர்களுக்கு அந்தக் கேடு நேரவில்லை. மண் ஒன்று, மழை ஒன்று, செங்கல் ஒன்று. பூச்சு மட்டுமே வேறு. இதைவிடத் தெளிவான சோதனையை எந்தப் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் நான் செய்து காட்டியதில்லை.

காரணம் எளியது. பழைய வீடுகளின் அடித்தளத்தில், ஈரம் மேலேறாதபடி தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இராது. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், செங்கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த நீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. ஆதலால் ஈரம் அதன் வழியே வெளியேறிக் காற்றில் கலந்துவிடுகிறது. சிமெண்டுப் பூச்சு நெருக்கமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடுவதில்லை. வழி அடைபட்ட நீர் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. சிமெண்டின்மீது எனக்குப் பகையில்லை. 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றதிலிருந்து அது உலகிற்குச் செய்துள்ள உதவி பெரிது. புதிய தளத்திற்கும் தூணுக்கும் அது ஏற்றது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அது பொருந்தாத சட்டை.

ஆகவே, மேற்குச் சுவரின் சிமெண்டை நீக்கி, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையே மீண்டும் பூசுவித்தேன். வெள்ளையடித்தது நான். சுண்ணாம்பை நீர்க்கும்போது அது கொதித்துத் தெறிக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணியாமல் தொட்டியருகே நிற்றல் கூடாது. குழந்தைகளை அண்ட விடுதலும் கூடாது. நீர்த்த சுண்ணாம்பைச் சில நாள் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, சிறிது கஞ்சி கலந்து, பால்போல் நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். சுவரை முன்னதாகத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். கெட்டியாக ஒருமுறை அடிப்பதைவிட மெல்லியதாக மூன்றுமுறை அடிப்பதே நன்று. கெட்டிப்பூச்சு செதில் செதிலாக உரிந்துவிடும். முதற்பூச்சு அடித்தவுடன் சுவர் வெளுக்கவில்லையே என்று மனம் தளர வேண்டா. ஈரத்தில் அது கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கும். காயக்காயத்தான் வெண்மை எழும். சுட்ட சுண்ணாம்புக்கல் நீரோடு சேர்ந்து நீர்த்த சுண்ணாம்பாகிறது; அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லின் தன்மையை அடைகிறது. கரும்பலகையில் பல ஆண்டுகள் எழுதிக் காட்டிய இந்த மாற்றத்தை, நான் அடித்த சுவரிலேயே கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை என் மனைவி சற்று அதிகம் என்றே கருதினாள்.

அடுத்து, கதவுகள். பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் சேர்ந்திருத்தல் கூடும். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாதபடி வரையறுக்கும் விதிகள் 2016-இல் வெளியாகி, 2017-இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட கதவை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்தால், எழும் தூள் வீடெங்கும் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கொடிய பகை. எங்கள் பேத்தி கோடை விடுமுறைக்கு வருபவள். தரையில் தவழும் பருவத்தினள். எனவே கதவுகளைக் கழற்றி வெளியே கொண்டுசென்று, நீர் தெளித்து ஈரமாகவே தேய்த்து, வழித்த கசடைத் துணியில் திரட்டி அகற்றினேன். வேலை மூன்று மடங்கு நீண்டது. மின்சார வேலையை மட்டும் நான் தொடவில்லை. உரிமம் பெற்றவரைக் கொண்டு, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தச் செய்தேன்.

இந்த வேலைகள் அனைத்திலும் நான் மிகுந்த கவனம் செலுத்தியது, பார்ப்பவர் எவரும் கவனியாத ஒன்றில்: கொல்லைப்புறப் படிகள். பழைய படிகளில் ஒன்று ஒன்பது அங்குலம், ஒன்று ஐந்து, மற்றொன்று நான்கு. மனிதனுடைய கால் முதற்படியின் உயரத்தைக் கற்றுக்கொண்டு, அடுத்ததும் அவ்வளவே இருக்கும் என்று நம்பி இறங்குகிறது. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடத்தில்தான் முதியோர் விழுகிறார்கள். என் தமக்கையாரும் ஒருமுறை அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் பிளான்டெல் படிகளுக்கு ஒரு கணக்கு வகுத்தார். படியின் உயரத்தை இரட்டித்து, அதனோடு அகலத்தைக் கூட்டினால் வரும் தொகை ஓர் எட்டு நடையின் நீளமாக இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 24 அங்குலம். எங்கள் மொத்த உயரம் 18 அங்குலம். அதனை ஆறு ஆறு அங்குலமாக மூன்று படிகளாக்கி, ஒவ்வொன்றிற்கும் 12 அங்குல அகலம் வைத்தோம். இருமடங்கு ஆறு பன்னிரண்டு. அதனோடு பன்னிரண்டு இருபத்துநான்கு. படியின் விளிம்பில் இரண்டு அங்குலப் பட்டையாக மஞ்சள் வர்ணம் தீட்டினேன். மங்கிய கண்ணுக்கும் நிற வேறுபாடு புலப்படும். பக்கத்தில் உருண்டையான கைப்பிடிக் குழாய் ஒன்றையும் நாட்டினேன். இப்பொழுது தமக்கையார் எவர் துணையுமின்றி, மூன்று என்று எண்ணிக்கொண்டே இறங்கி, துளசி மாடம் வரை சென்று திரும்புகிறார்.

இனித் தோட்டம். கட்டடக் கழிவின்மேல் இரண்டு கூடை செம்மண்ணைக் கொட்டிச் செடி நடுவது பலரது வழக்கம். காரையும் சிமெண்டும் மண்ணைக் காரத்தன்மை உடையதாக்குகின்றன. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. எலுமிச்சை, செம்பருத்தி போன்றவற்றின் இளந்தளிர்கள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளிறிவிடும். ஒரு பிடி மண்ணில் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். நான் கழிவை அரித்து எடுத்து, செங்கல் துண்டுகளை நடைபாதையின் அடியில் இட்டேன். மண்ணில் மட்கிய சாணமும் இலைதழையும் சேர்த்தேன்.

எங்கள் பக்கத்து மண் களிமண். நனைந்தால் பருத்து, காய்ந்தால் வெடிக்கும். ஆதலால் சுவரையொட்டி நீர் தேங்கவே கூடாது. மூன்றடி அகலத்திற்கு ஓரங்குலம் வெளிப்புறம் சரியுமாறு தளமிட்டோம். ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எங்கள் கூரை 100 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர்! மழைநீர் சேமிப்பைத் தமிழக அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. ஆனால் களிமண்ணில் வெறுங்குழி தோண்டினால் நீர் எளிதில் இறங்காது. எனவே கூரைநீரை மணலும் சல்லியும் நிரப்பிய தொட்டியின் வழியே கிணற்றுக்குள் விட்டோம். பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்; அது கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவது.

அடுக்களை நீர் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது. முருங்கையின் கிளை காற்றில் முறியக்கூடியது. அதனை ஓட்டிற்கு எட்டாத மூலையில் நட்டோம். தென்னைகளுக்கு இடையே 25 அடி வேண்டும் என்பது வேளாண்மையறிந்தோர் கணக்கு. எங்கள் கொல்லையின் அளவுக்கு இரண்டே கன்றுகள்தான் நட முடிந்தது. அவற்றிற்கு முதல் இரண்டு கோடையிலும் தென்மேற்கு வெயில் படாதபடி கீற்று மறைப்புக் கட்டி, தண்டின் அடியில் நீர் நில்லாமல் சுற்றிலும் பாத்தி பிடித்து ஊற்றி வருகிறோம்.