பழைய போனில் புதிய மென்பொருளா?

உங்கள் பழைய கைத்தொலைபேசிக்குப் புதிய மென்பொருள் போட்டுத் தருவதாக மகன் சொல்கிறாரா, சகோதரியே? அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். 2012இல் வந்த சம்சுங் கெலக்ஸி எஸ்3க்கு நிறுவனம் புதிய பதிப்புகளை நிறுத்திய பின்னரும், 2016இன் இறுதியில் தொடங்கிய லீனியேஜ் ஓஎஸ் குழுவினர் அன்ட்ரொய்ட் 7.1ஐ இலவசமாகவே வழங்கினர்.

ஆனால், இக்காலத்துப் போன்களில் முதலில் பூட்லோடர் எனும் பூட்டைத் திறக்க வேண்டும். அது திறந்ததுமே உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். உம்மாவின் படம், பேரப்பிள்ளையின் மழலைக் குரல் எதுவும் மிஞ்சாது. போன் திருடன் கையில் சிக்கினாலும் உங்கள் தகவல்கள் சிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அது மகனென்றும் பார்க்காது!

ஆகவே, படங்களை முன்கூட்டியே கணினியில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். வங்கிச் செயலிகள் சில பின்னர் இயங்க மறுக்கும். பணம் அனுப்ப அதே போனை நம்பியிருப்பவர் அதில் கைவைக்காமல் விடுவதே நல்லது.