சண்டை போடலாம்... வெட்டிவிட முடியுமா? பிரிட்டனுக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் ஒரே பாடம்!

பக்கத்து வீட்டோடு சண்டையே வராத தெரு எங்கேயாவது இருக்கா? குழாயில் தண்ணி வரலைன்னா சண்டை, வாசலில் பைக் நிறுத்தினா சண்டை. ஆனா, ராத்திரி உறை ஊத்த மோர் இல்லைன்னா அதே வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். நாடுகளும் மாநிலங்களும்கூட இதே ரகம்தான். இந்த விஷயத்தில் உலகமே பேசுகிற உதாரணம் பிரிட்டன். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் காஞ்சிபுரம்.

33 கிலோமீட்டர் தூரம்!

பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஆங்கிலக் கால்வாய், குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர்தான். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்தில் பாதிகூட கிடையாது. ஆனாலும், 'நாங்க வேற, ஐரோப்பா வேற' என்ற எண்ணம் பிரிட்டிஷ்காரர்களில் பலருக்கு உண்டு.

இத்தனைக்கும் அவர்கள் வாழ்க்கையில் பாதி, அக்கரைச் சரக்கு. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு வார்த்தைகள் கொட்டின. கொட்டிலில் நிற்கும்போது மாட்டுக்கு ஆங்கிலப் பெயர் 'கௌ'. தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சு வழி வந்த 'பீஃப்'! 1714-ல் ராஜாவான முதலாம் ஜார்ஜ், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தவர். முதல் உலகப்போரில் ஜெர்மனியோடு மோதியபோது, 1917-ல் அரச குடும்பம் தன் ஜெர்மன் பெயரையே 'வின்ட்சர்' என்று மாற்றிக்கொண்டது.

ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர பிரிட்டன் இரண்டு முறை முயன்றது. 1963, 1967 இரண்டு தடவையும் பிரான்ஸ் அதிபர் டி கோல் 'நோ' சொன்னார். 1973-ல்தான் உள்ளே போக முடிந்தது. 2016 ஜூன் வாக்கெடுப்பில் சுமார் 52 சதவிகிதம் பேர் 'வெளியேறுவோம்' என்றார்கள். 2020 ஜனவரி 31-ல் வெளியேறியும் விட்டார்கள். சரி, உறவு முடிந்ததா? இல்லை. இன்றைக்கும் பிரிட்டனின் மிகப்பெரிய வியாபாரக் கூட்டாளி ஐரோப்பிய ஒன்றியம்தான். போனது என்னன்னா, பாரிஸிலோ பெர்லினிலோ விசா இல்லாமல் வேலை பார்க்கும் உரிமை. அதில் அதிகம் இழந்தது, பெரும்பாலும் 'வெளியேற வேண்டாம்' என்று ஓட்டுப் போட்ட இளைஞர்கள்!

ஜெயிச்சவர் திருப்பிக் கொடுத்த செல்வம்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்தின் நெசவுத் தெருக்களுக்குப் பக்கத்திலேயே கயிலாசநாதர் கோயில் இருக்கிறது. கி.பி. 700-ஐ ஒட்டி பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது.

பல்லவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பகை, வாதாபியின் சாளுக்கியர்கள். இன்றைய கர்நாடகத்தின் பாதாமிதான் அந்த வாதாபி. 'பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் பதுங்க வைத்தேன்' என்ற பெருமை, இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டில் இருக்கிறது. 642 வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து, அந்த ஊர்ப் பாறையிலேயே கல்வெட்டு வெட்டி வைத்தான். இன்றைய பாஷையில், எதிரி வீட்டுச் சுவரில் போட்ட ஸ்டேட்டஸ்!

சுமார் நூறு வருஷம் கழித்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிக்குப் பழியாக ஊரை இடித்திருக்கலாம். அவன் செய்தது வேறு. கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு, அந்தக் கோயில் தூண் ஒன்றில் இருக்கிறது. பிறகு அவன் ராணி லோகமகாதேவி, அந்த வெற்றியின் நினைவாக பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயிலைக் கட்டினாள். அதில் காஞ்சிக் கோயிலின் சாயல் நன்றாகவே தெரியும். 1987-லிருந்து பட்டடக்கல், யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னம்.

'நம்ம' புடவை யாரோடது?

காஞ்சிப் பட்டு என்றால் நம்ம பெருமை. புவிசார் குறியீடுகூட இருக்கிறது. ஆனால், தறியில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருவது. ஜரிகைக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் சூரத். நெய்கிறவர்களிலும் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. இவர்களை எல்லாம் கழித்துவிட்டால் அது காஞ்சிப் பட்டே இல்லை!

அதற்காக 'எல்லோரும் ஒண்ணு' என்று சொல்லி நழுவவும் முடியாது. பிரச்னை நிஜம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரம் வழியாகக் காஞ்சிபுரம் பக்கம் வருகிறது. மேலே தடுப்பணை கட்டினால் கீழே மணல்தான். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

காவிரியும் அப்படித்தான். பிரிட்டன் 'வெளியேறுவோம்' என்று ஓட்டுப் போட்ட அதே 2016-ல், செப்டம்பர் மாதம், பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. அந்தத் தீயால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாருக்கும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. 2018-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி என்று கணக்குச் சொன்னது. அது நாம் கேட்டதைவிடக் குறைவு என்ற வருத்தம் இருக்கிறது. ஆனாலும், 'கொடு' என்று கேட்க ஓர் ஆணையம் அமைந்தது.

ஆக, பங்குக்காகச் சண்டை போடுவது தப்பே இல்லை. வழக்கு போடலாம், பேச்சுவார்த்தையில் விடாப்பிடியாக நிற்கலாம். 'அவனே வேண்டாம், வெட்டிவிடு' என்று இறங்கினால்தான் நஷ்டம் நமக்கும் சேர்த்து வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பசங்களுக்கு இது நல்லாவே தெரியும். அடுத்த முறை 'அந்த மாநிலத்துக்காரனுங்களே இப்படித்தான்' என்று ஒரு மீம் வாட்ஸ்அப்பில் வந்தால், ஃபார்வர்டு பண்ணும் முன் அம்மாவின் கல்யாணப் பட்டு நூல் எங்கிருந்து வந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.